கை கால் பலம் குறையும்போது: மலையகக் குடும்பங்களுக்கு நரம்பு, தசை நோய்கள் பற்றிய முழுமையான வழிகாட்டி

லயத்தில் ஒருவருக்குக் கை காலில் பலம் குறைந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் சொல் 'வாதம்'. பக்கவாதமும் வாதம், இளம்பிள்ளை வாதமும் வாதம், மூட்டு வலியும் வாதம். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஒன்று இரண்டே நாளில் மூச்சை நிறுத்திவிடும். இன்னொன்று நாற்பது வருடம் கூடவே வரும். வேறொன்று, இரத்தத்தில் பொட்டாசியம் சரியானதும் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். இவற்றைப் பிரித்தறிய வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: பலம் எவ்வளவு வேகமாகக் குறைந்தது? எந்த இடத்தில் குறைந்தது?

பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்குவது என்றால் இரண்டு மூன்று பஸ் மாற வேண்டும். நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும். அதனால் மெதுவாக வரும் நோய்க்கு, போகிற ஒவ்வொரு பயணமும் வீணாகாதபடி தயாராகிப் போக வேண்டும். வேகமாக வரும் நோய்க்கு அந்தக் கணக்கே பார்க்கக் கூடாது.

முதல் படி: சோர்வா, பலக்குறைவா?

இரத்தச் சோகை உள்ள பெண் மலை ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். ஆனால் தரையில் குந்தியிருந்து எழும்பச் சொன்னால் எழும்பிவிடுவார். அது சோர்வு. பலக்குறைவு வேறு: ஓய்வெடுத்தாலும் குறிப்பிட்ட ஒரு வேலை முடியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சீவ முடியாது, கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கினால் கழுத்து நிற்காது, செருப்பு காலில் இருந்து கழன்று விழுவதே தெரியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "உடம்பு ஏலாது" என்று மட்டும் சொன்னால், இரும்புச்சத்துக் குளிசையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். தவறு அவர்களுடையது மட்டுமல்ல, சொன்ன விதத்திலும் இருக்கிறது.

இரண்டாம் படி: வேகத்தைப் பாருங்கள்

மணி, நாள் கணக்கில் பலம் குறைந்தால் அது அவசரம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

- நேற்று நடந்தவர் இன்று நடக்க முடியவில்லை, பலக்குறைவு காலில் தொடங்கி மேலே ஏறுகிறது
- தலையணையில் இருந்து தலையைத் தூக்க முடியவில்லை
- தண்ணீர் விழுங்கும்போது புரைக்கேறுகிறது, மூக்கால் வருகிறது, குரல் மூக்கடைத்தது போல் மாறிவிட்டது
- ஒரே மூச்சில், ஒரு விநாடிக்கு இரண்டு எண் என்ற வேகத்தில் எண்ணச் சொன்னால் வளர்ந்தவர் 20ஐத் தாண்டவில்லை
- கால் பலம் போனதோடு சிறுநீரும் நின்றுவிட்டது, அல்லது இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை (இது முள்ளந்தண்டு நரம்பு நசுங்கியதாக இருக்கலாம். அங்கேயும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்)
- முகத்தில் ஒரு பக்கமும் கை காலும் திடீரென்று விழுந்தது (இது மூளையில் வந்த பக்கவாதம், தசை நோய் அல்ல, ஆனால் அவசரம் அதேதான்)

எண்ணும் சோதனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சுவாசத் தசை களைக்கும்போது நோயாளி திணறிக் காட்டுவதில்லை. அமைதியாக, சின்னச் சின்னதாக மூச்சு விடுவார். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி 97 என்று காட்டும், அடுத்த மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போகும். அந்தக் கருவி கடைசியில்தான் எச்சரிக்கும். எண்ணிக்கை முன்கூட்டியே குறையும். அரை மணிக்கு ஒரு தடவை எண்ணச் சொல்லி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அம்புலன்ஸ் லயம் வரை வராத தோட்டங்கள் பல. றோட்டு வரை தூக்கிப் போகும்போது கம்பளியில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தூக்குவதுதான் வழக்கம். மூச்சுத் தசை பலவீனமானவருக்கு அது ஆபத்து. வயிறு மேலே தள்ளும், நாக்கு பின்னால் விழும், எச்சில் தொண்டையில் இறங்கும். கை உள்ள மரக் கதிரை ஒன்றில் உட்கார வைத்து, துணியால் நெஞ்சோடு தளர்வாகக் கட்டி, நாலு பேர் தூக்குங்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். நினைவு மங்கியிருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்கு எதுவும் கொடுக்க வேண்டாம், ஒரு மடக்குச் சுடுதண்ணீர்கூட வேண்டாம்.

மூன்றாம் படி: வீட்டில் செய்யும் சோதனைகள்

வாரம், மாதம், வருடம் என்று மெல்லக் குறைவதற்கு இந்தப் படி. போன் இருந்தால் வீடியோ எடுங்கள். பக்கவாட்டில் இருந்து, முழு உடம்பும் தெரிய, அரை நிமிடம் போதும். விசேட வைத்தியருக்கு அது பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லி, எதையும் பிடிக்காமல் எழும்பச் சொல்லுங்கள். பிள்ளை முதலில் கவிழ்ந்து, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் கையை வைத்துத் தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழும்பினால், இடுப்புத் தசை பலவீனம் என்று பொருள். அடுத்து நுனிக்காலில் பத்தடி, குதிக்காலில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குதிக்காலில் நிற்க முடியாவிட்டால் பாதத்தைத் தூக்கும் தசை பலவீனம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை தளர்ந்து இறங்குகிறதா? கடைசியாக, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் கூரையை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இமை மெல்ல இறங்குகிறதா?

பொதுவாக, இடுப்பும் தோளும் முதலில் தளர்ந்தால் தசையில் நோய். பாதமும் விரலும் முதலில் தளர்ந்து மரத்துப் போனால் நரம்பில் நோய். இமை, மெல்லுதல், பேச்சு ஆகியன காலையில் சரியாக இருந்து மாலையில் தளர்ந்தால் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் நோய். தசை மெலிந்து, தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடித்து, மரமரப்பே இல்லாமல் இருந்தால் முள்ளந்தண்டில் உள்ள இயக்க நரம்புக் கலங்களைச் சந்தேகிக்க வேண்டும். இந்த விதிகளுக்கு விலக்குகள் உண்டு. ஆனாலும் எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

இன்னொன்று மலையகத்தில் கவனிக்கத் தக்கது. குளிர்க் காலையில் கொழுந்தைக் கிள்ளிய விரல் மடங்கியபடியே நின்று, விரிய நேரமெடுத்தால் அது வெறும் விறைப்பாக இல்லாமல் மயோட்டோனியாவாக (சுருங்கிய தசை உடனே தளராத நோய்) இருக்கலாம். அது குடும்ப வழி வருவது. இதயத் துடிப்பையும் சேர்த்துக் கெடுக்கும் வகை ஒன்று உண்டு. ஆகவே ஈசிஜி எடுக்காமல் விடக் கூடாது.

நான்காம் படி: துண்டும் கொப்பியும்

தோட்ட வைத்திய உதவியாளரிடமோ கிட்டிய ஆஸ்பத்திரியிலோ துண்டு (பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம்) எடுத்துக்கொண்டு போவது நல்லது. டிக்கோயா, நாவலப்பிட்டி, நுவரெலியா, பதுளை என்று எங்கே தொடங்கினாலும், நரம்பு மின்சோதனை தேவைப்படும்போது கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற நரம்பியல் பிரிவுள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளுக்குப் பேராதனையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

கொப்பியின் முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்: எந்த மாதம் தொடங்கியது, முதலில் முடியாமல் போன வேலை எது, அதற்கு முந்திய மூன்று வாரத்தில் வயிற்றோட்டமோ தடிமனோ வந்ததா, குடிக்கும் எல்லா மருந்துகளும் (வெதமாத்தையா கொடுத்த கசாயமும் எண்ணெயும் உட்பட), மருந்து அடிக்கும் வேலை உண்டா, சாராயம் அல்லது கசிப்பு எவ்வளவு, குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி, தாய் தகப்பன் சொந்தத்தில் முடித்தவர்களா. குடியை மறைக்க வேண்டாம். மதுவே நரம்பையும் தசையையும் தனியாகக் கெடுக்கும். அது தெரியாமல் மற்ற எல்லாவற்றையும் தேடி மாதங்கள் போகும்.

வாட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கொண்டு அதே பக்கத்தைச் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். மூன்று வாசகங்களை மனப்பாடம் செய்யுங்கள்: 'ஹுஸ்ம கன்ன அமாருய்' (மூச்சு விடக் கஷ்டம்), 'கிலின்ன அமாருய்' (விழுங்கக் கஷ்டம்), 'நெகிட்டின்ன பே' (எழும்ப முடியாது).

ஐந்தாம் படி: சோதனைகளுக்குத் தயாராவது

முதலில் இரத்தம்: சிபிகே, பொட்டாசியம், தைரொயிட், சீனி. சிபிகே என்பது தசை உடையும்போது இரத்தத்தில் கசியும் நொதியம். 20 கிலோ கொழுந்து சுமந்த மறுநாளும், தசையில் ஊசி போட்ட பிறகும் அது தானாகவே ஏறும். எனவே மூன்று நாளாவது பாரமான வேலையை விட்டுவிட்டு இரத்தம் கொடுங்கள். டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளைக்கு அது வழக்கமான அளவைப் போல் பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கும். ஈரல் சோதனையில் வரும் ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் தசையிலும் உண்டு. அவை கூடியிருப்பதைக் கண்டு 'ஈரல் பழுது' என்று மாதக்கணக்கில் ஈரலுக்கு மருந்து குடித்த பிள்ளைகள் உண்டு. மெல்ல நடக்கும் ஆண் பிள்ளைக்கு ஈரல் அளவு கூடியிருக்கிறது என்றால், "சிபிகே பார்த்தீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நரம்பு மின்சோதனைக்குப் போகும் நாளில் எண்ணெய், தைலம், பாம் எதுவும் பூசக் கூடாது. மின்முனை தோலில் ஒட்டாது. அதைவிட முக்கியம் சூடு. விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் குளிரில் போய் இறங்கினால் கை கால் சில்லிட்டிருக்கும். குளிர்ந்த நரம்பு மெதுவாகத்தான் மின்னைக் கடத்தும், இல்லாத நோய் இருப்பது போல் முடிவு வரும். காலுறை, கையுறை போட்டுப் போங்கள். அறைக்குள் போகுமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிராக இருந்தால் சோதிப்பவரிடம் சொல்லுங்கள்.

விரைவாக ஏறும் பலக்குறைவு: கியான் பரே

வயிற்றோட்டம் அல்லது தடிமன் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக நரம்பின் மேலுறையைத் தாக்குவது இது. கால் விரலில் மரமரப்பு, முதுகு வலி, பிறகு இரண்டு காலிலும் ஒரே அளவாகப் பலக்குறைவு. நாலு வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். நாலில் ஒருவருக்கு ஏறக்குறைய மூச்சு இயந்திரம் தேவைப்படும். இமியூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்தில் இருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஊசியை நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள் ஏற்றுவார்கள். 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 20 கிராம். இல்லையேல் இரத்தத் திரவமாற்று (பிளாஸ்மா மாற்று) செய்வார்கள். இரண்டும் ஒரே அளவு பலன் தருபவை. ஸ்டீரொயிட் இதற்கு உதவாது. ஆறு மாதத்தில் பெரும்பாலானோர் மீண்டும் நடக்கிறார்கள். மாதக்கணக்கில் வாட்டில் கிடப்பவரைப் பார்த்து நம்பிக்கை இழந்து கோடாங்கியிடம் கூட்டிப்போக வேண்டாம். அந்த நேரத்தில் தேவை மூட்டுகளை அசைப்பதும், இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதும்.

15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், பலம் குறைந்து 14 நாளுக்குள், 24 மணி இடைவெளியில் இரண்டு தடவை மலம் கேட்பார்கள். அது போலியோ இல்லை என்று உறுதிசெய்ய. இலங்கையில் 1993க்குப் பிறகு போலியோ இல்லை. அந்த நிலை தொடர்வதை உறுதிப்படுத்துவது இந்தச் சோதனைதான். தயங்காமல் கொடுங்கள்.

நஞ்சு: எண்ணெயும் மருந்தடிப்பும்

1977-78இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 20க்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளுக்குக் கை கால் தளர்ந்தது. பெரிய பிள்ளையான பிறகு வழக்கப்படி கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற நச்சு இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கலன்களில் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். நிமால் சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் அதை 1981இல் வெளியிட்டார்கள். குற்றம் நல்லெண்ணெயில் இல்லை, கலனில். இன்றும் சடங்குக்கு எண்ணெய் வாங்கும்போது மூடி முத்திரை உடையாத போத்தலையே வாங்குங்கள். பெற்றோல் கேனில், மருந்து கேனில் ஊற்றிய எண்ணெய் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மரக்கறித் தோட்டத்து ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் போனால், முதல் நாள் வியர்வை, எச்சில், வாந்தி வரும். சிகிச்சையில் அது தணிந்து ஆள் எழும்பிப் பேசுவார். அதன் பிறகு 24 முதல் 96 மணிக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசை தளரும் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. 1987இல் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் இலங்கை நோயாளர்களிடம் கண்டு உலகுக்கு விவரித்தது அது. "ஆள் தேறிவிட்டார்" என்று இரண்டாம் நாளே கையெழுத்து வைத்துக் கூட்டி வருபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அவரை வீட்டில் இழக்கிறார்கள். குறைந்தது நாலு நாள், தலையணையில் இருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் தளர்வதும் உண்டு.

மாலையில் தளர்வது: மயஸ்தீனியா கிராவிஸ்

இது நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வரும் நோய். இமை இறங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், ரொட்டி மெல்லும்போது பாதியில் தாடை ஓய்தல் இதன் அடையாளங்கள். துணியில் சுற்றிய ஐஸை மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்ததும் இமை ஏறினால் சந்தேகம் பலமாகும். மார்புக்குள் தைமஸ் சுரப்பியில் கட்டி உண்டா என்று சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் குளிசை அரை மணியில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நாலு மணி நேரம் நிற்கும். ஆகவே குளிசையை நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். பிரட்டுக்கு (காலையில் பேர் பதியும் இடத்துக்கு) போகிறவர் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் ஒன்று, மலையில் பத்து மணி போல் ஒன்று, பகல் சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று டொக்டரோடு பேசி அமைத்துக்கொள்ளலாம். அளவைத் தானாகக் கூட்டக் கூடாது. வயிற்றுப் பிடிப்பு, எச்சில், வயிற்றோட்டத்தோடு பலமும் குறைந்தால் மருந்தே அதிகமாகிவிட்டது என்று பொருள். பூச்சிமருந்து அடிப்பதை முற்றாக விட வேண்டும். ஓகனோபொஸ்பேட்டும் இந்தக் குளிசையும் ஒரே நொதியத்தைத்தான் தடுக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

இந்த நோயை மோசமாக்கும் மருந்துகளைக் கொப்பியின் பின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள்: ஜென்டமைசின், சிப்ரொப்ளொக்சசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், ப்ரொப்ரனலோல், குளோரோகுயின், குயினைன், நரம்பில் ஏற்றும் மக்னீசியம். காய்ச்சலுக்குப் பாமசியில் நேரே மருந்து வாங்குவதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு.

ஆண் பிள்ளைகளின் டுஷேன் நோய்

மூன்று நாலு வயதில் அடிக்கடி விழுவான், ஓட மாட்டான், கெண்டைக்கால் உருண்டு திரண்டு பலசாலி போல் தெரியும். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால், தசை ஒவ்வொரு அசைவிலும் கிழிந்து கொழுப்பாக மாறுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடும்.

தசை சுருங்கும்போதைவிட, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போதுதான் அதிகம் கிழியும். அதாவது, மலை ஏறுவதைவிட இறங்குவது இந்தப் பிள்ளைக்குக் கேடு. பள்ளிக்கூடம் பள்ளத்தில் என்றால் இறங்கும்போது தூக்கிச் செல்லுங்கள், ஏறும்போது முடிந்தவரை மெல்ல நடக்கட்டும். படியில் குதிக்க விட வேண்டாம். 'பயிற்சி கொடுத்தால் பலம் வரும்' என்று ஓட வைப்பது பிள்ளையைக் கெடுக்கும். செய்ய வேண்டியது நீட்டல்: முழங்காலை நேராக வைத்து, குதியைப் பிடித்துப் பாதத்தை மெல்ல மேலே மடித்து 15 விநாடி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, வாரத்தில் குறைந்தது ஐந்து நாள்.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை மூன்று. அளவை முடிவு செய்வது டொக்டர். இது நடையைச் சில வருடம் நீட்டும். ஆனால் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும். நிறுத்தினால் வாந்தி, மயக்கம், உயிராபத்து. மண்சரிவில் பாதை மூடும் மாதங்களை நினைத்து இரண்டு வாரக் குளிசையை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி எல்லா மருந்தையும் நிறுத்துவது நம் வழக்கம். வேப்பிலை கட்டுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கும் சொல்லுங்கள், ஸ்டீரொயிட் குடிப்பவருக்கு அம்மை கடுமையாக வரும்.

வருடம் ஒரு தடவை இதயத்தை எக்கோ பார்க்க வேண்டும். எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முன் 'சக்ஸமெத்தோனியம் கொடுக்கக் கூடாது' என்பதை எழுத்தில் காட்டுங்கள். அது மயக்கும்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து.

தாய்மாரைக் குற்றம் சொல்ல வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றிய மாற்றம். தாய் வழியில் வந்திருந்தாலும் அவர் அறிந்து செய்ததல்ல. சொந்தத்தில் முடித்ததும் இந்த நோய்க்குக் காரணமில்லை. எஸ்எம்ஏ (முள்ளந்தண்டின் இயக்க நரம்புக் கலங்கள் அழியும் பரம்பரை நோய்), சில இடுப்பு-தோள் தசை நோய்கள் போன்றவைதான் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் திருமணங்களில் கூடுதலாகத் தோன்றும். அங்கே ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு வாய்ப்பு. அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்குகிறது.

காம்பராவை மாற்றியமைத்தல்

தரைப் பாயில் இருந்து எழும்ப முடியாதவருக்குக் கட்டிலை செங்கல் வைத்து, தரையில் இருந்து 18 முதல் 20 அங்குல உயரத்துக்கு உயர்த்துங்கள். கை உள்ள பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டிக் கீழே வாளி வைத்தால் இரவில் வெளியே மலசலகூடத்துக்கு ஈரப் படியில் இறங்க வேண்டியதில்லை. இஸ்தோப்புப் படிக்குச் சரிவு கட்டும்போது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம்: 6 அங்குலப் படி என்றால் 6 அடி. அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலி கைமீறி ஓடும்.

விழுங்கக் கஷ்டமானவருக்குத் தேத்தண்ணியைவிடக் கூழ் பாதுகாப்பு. நீர்த்ததுதான் மூச்சுக்குழாய்க்குள் ஓடும். நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்ன மடக்காகக் குடிக்கட்டும். காய்ந்த ரொட்டிக்குப் பதில் குழைந்த சோறு. அடுப்புப் புகை சேரும் காம்பராவில் படுக்க வைக்க வேண்டாம், இருமித் துப்பப் பலம் இல்லாதவருக்குச் சளி அங்கேயே தங்கும்.

ஊழியர் சேமலாப நிதியை, நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்ற வைத்தியச் சான்றோடு, வழக்கமான வயதுக்கு (ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50) முன்பே எடுக்கலாம். மாதக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். இரண்டுக்கும் கிளினிக் கொப்பியின் பிரதிகள் தேவைப்படும், மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

இரவைக் கவனியுங்கள். காலையில் தலைவலியோடு எழும்புதல், கெட்ட கனவு, பகலில் உட்கார்ந்தபடியே தூங்குதல், படுத்தால் மூச்சு முட்டுதல் என்பன தூக்கத்தில் கரியமிலவாயு தேங்குவதன் அடையாளம். ஒட்சிசன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வீட்டில் கொடுக்காதீர்கள். தேவையானது காற்றைத் தள்ளும் பைபாப் இயந்திரம். வெறும் ஒட்சிசன் மூச்செடுக்கும் உந்துதலை மேலும் மந்தமாக்கலாம். இந்த அடையாளங்களைச் சொல்லி அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போங்கள்.